விமானப் பயண நேரத்தைக் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணச்சீட்டுப் பதிவுப் பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்கள், என் முதல் ஆண்டில் நான் செய்த தவறுகளையே மறுபடியும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இரு நாட்டுக் கடிகார வேறுபாட்டைக் கழிக்க மறப்பது போன்றவை ஒருமுறை பட்டாலே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,760 கி.மீ.; உயரத்தை எட்டிய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வகுத்துப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அந்தக் கணக்கை நம்பி, ஹரித்துவார் செல்லவிருந்த ஒரு குடும்பத்துக்கு, ரயிலில் இடம் தீர்ந்துவிடுமே என்ற அவசரத்தில், பிற்பகல் இரண்டு மணி ரயிலை முதலில் பதிவு செய்துவிட்டேன். பிறகு எடுத்த காலை பத்து மணி விமானச் சீட்டில் டெல்லி சேரும் நேரம் 12:50 என்றிருந்தது. சமாளித்துவிடலாம் என்று சொன்னேன். விமானம் குறித்த நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் பெட்டிகளுக்காகக் காத்திருந்து, நெரிசலில் நகரைக் கடந்து, புது டெல்லி நிலையத்தை அவர்கள் அடைந்தபோது ரயில் போயிருந்தது. வயதான பெற்றோருடன் அன்றிரவு அவர்கள் பட்ட அலைச்சலை நினைத்தால் இன்றும் என்மீதே கோபம் வருகிறது.

சீட்டில் அச்சாகும் நேரம் 'பிளாக் டைம்' எனப்படும்; வாயிலிலிருந்து விமானம் நகரும் கணத்திலிருந்து, சேருமிடத்தில் வாயிலில் நிற்கும் கணம் வரையிலான நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்வது, மெதுவாக ஏறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமிடுவது ஆகிய எல்லாம் அதில் அடங்கும். வாயிலுக்கு அப்பால் நடப்பது எதுவும் அதில் அடங்காது. எனவே வகுத்தலை விட்டுவிட்டு, அதே தடத்தில் அதே பொழுதில் பறக்கும் விமானத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். அதன்மேல் தரைநேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள்.

குறுகிய வழியே விரைவான வழி என்று எண்ணுவது

2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது, ஆனாலும் மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று பின்னிருந்து தள்ளியதால் பயண நேரம் ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது. மூடப்பட்ட வான்பரப்பும் கணக்கை மாற்றும்: 2022இல் ரஷ்ய வான்வழி அடைபட்டபின், ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியளவிலிருந்து ஏறத்தாழ பதின்மூன்று மணியாக நீண்டது.

போகும் நேரமே வரும் நேரம் என்று எழுதுவது

இரண்டும் வேறுபடும்; மேலே சொன்ன மேற்குக் காற்றுதான் காரணம். சென்னையிலிருந்து துபாய்க்குப் போவதைவிடத் திரும்பி வருவது விரைவு.

மைல்

விமானத் துறையில் மைல் என்றால் கடல் மைல்: 1.852 கி.மீ. அதைச் சாதாரண மைல் என்று எண்ணிக் கணக்கிடாதீர்கள்.

ஊர்ப்பெயரோடு நிறுத்துவது

லண்டன் என்றால் ஹீத்ரோ விமான நிலையமா, கேட்விக் விமான நிலையமா என்று கேட்டு எழுதுங்கள்.