பள்ளித் தண்ணீரைச் சோதிக்கையில் காசு எங்கே வீணாகிறது?

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு, பல்லில் விழும் பழுப்புக் கோடு புதிதல்ல. பாலக்காட்டுக் கிழக்கெல்லையின் பாறை நிலத்து நீரில் ஃப்ளோரைடு இருப்பது வெகுநாளாய்த் தெரிந்த சங்கதி. அப்படியிருந்தும், பள்ளித் தண்ணீரைச் சோதிக்கலாம் என்று பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் யாராவது சொன்னால், "எவ்வளவு ஆகும்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது.

லேபில் கட்டணம் பெரும்பாலும் பார்க்கும் பொருளைப் பொறுத்தது. ஃப்ளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை எல்லாம் எளிய சோதனைகள். ஈயம், ஆர்சனிக், பூச்சிமருந்து என்று போனால் பெரிய கருவிகள் வேண்டும், பில் எகிறும். "எல்லாத்தையும் ஒரேயடியாப் பாத்துருவோம்" என்று கையிருப்பைக் கொட்டிவிட்டால், அடுத்த கோடைக்கு மறுசோதனைக்குப் பணம் இருக்காது. எங்கள் பக்கத்துக்கு ஃப்ளோரைடு முதலில். சுற்றிலும் தோப்பும் உரமும் இருப்பதால் அடுத்தது நைட்ரேட். பழைய பித்தளைக் குழாய் இருந்தால் ஈயமும் பார்க்கலாம்.

கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நம்பி லேபுக்கே போகாமல் இருப்பது இதைவிட மோசம். மீட்டர் 300 என்று காட்டும், எல்லோரும் நிம்மதியாகக் கலைந்துவிடுவார்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அந்த 300-க்குள் 2 மி.கி. ஃப்ளோரைடு ஒளிந்திருந்தால் மீட்டருக்கு எப்படித் தெரியும்? கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் ஃப்ளோரைடு அதிகம் கரைந்து நிற்கும் என்பதால், உப்புத் தட்டாத "நல்ல தண்ணி" என்பதும் உத்தரவாதமில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

ஒருமுறை நாங்கள் கொண்டுபோன பாட்டிலை லேபில் இருந்தவர் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூடியின் மரைக்குள் ஆரஞ்சு ஜூஸ் வாசம். பஸ் கூலியும் ஒரு நாளும் போனதுதான் மிச்சம். ஃப்ளோரைடுக்குக் கண்ணாடியைவிடச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் நல்லது. அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். போர் தண்ணீரைப் பார்க்க, மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஈயத்துக்கு நேர்மாறு: இரவெல்லாம் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரே வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தனியார் லேபுக்கு ஓடுமுன் பஞ்சாயத்திலும் வாட்டர் அதாரிட்டி லேபிலும் கேளுங்கள். ஜல் ஜீவன் என்ற மத்திய அரசின் குடிநீர்த் திட்ட வழிகாட்டுதல் வருடம் ஒருமுறை வேதியியல் சோதனை செய்யச் சொல்கிறது. பள்ளியின் மாதிரி அந்தக் கணக்கில் வருமா என்று விசாரித்தால் செலவே இல்லாமலும் போகலாம்.

அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால், எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கள். ஆர்சனிக்குக்கு வரம்பு 0.01 மி.கி.; லேபின் கருவி 0.05-க்குக் கீழே பார்க்காது என்றால் கொடுத்த காசு தண்டம்.

ஃபில்டர் மாட்டியதும் சோதனையை நிறுத்திவிடுவதும் நடக்கிறது. யுவி விளக்கு ஃப்ளோரைடைத் தொடாது. ஆர்ஓ நீக்கும், அதில் தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேன் பழசாகும் வரை. ஃபில்டர் மாட்டிய பிறகு முழுப் பட்டியல் வேண்டாம். பிள்ளைகள் டம்ளர் பிடிக்கிற குழாயிலிருந்து ஃப்ளோரைடு மட்டும் பார்த்து, தேதியையும் எந்தக் குழாய் என்பதையும் ஆபீஸ் ஃபைலில் எழுதி வையுங்கள்.