ஓர் ஏ4 தாளில் எட்டுப் பக்கச் சித்திரக்கதை: வகுப்பறையில் கணினியைக் கொண்டு செய்யும் முறை

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமமொன்றில் தரம் 7 மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வகுப்பில் 28 பிள்ளைகள், ஆய்வுகூடத்தில் இயங்கும் நிலையில் 7 கணினிகள், ஒரு பாடவேளைக்கு 40 நிமிடங்கள். இந்தக் கணக்குக்குள் பிள்ளைகள் தாமே எழுதி, தாமே வரைந்து, கையில் பிடித்து வாசிக்கக்கூடிய ஒரு சிறு சித்திரக்கதைப் புத்தகத்தைச் செய்து முடிப்பதற்கு எனக்கு இரண்டு தவணைகள் சென்றன. அடுத்த முறை செய்தபோது ஆறு பாடவேளைகளே போதுமாக இருந்தன. மென்பொருளைத் திறப்பது, படத்தை உள்ளிடுவது போன்றவற்றை நீங்கள் அறிவீர்கள் என்று கொண்டு, நான் தடுக்கி விழுந்த இடங்களைப் பற்றியே இங்கு கூடுதலாக எழுதுகிறேன்.

முதலில் கருவி. பிக்ஸ்டன், ஸ்டோரிபோர்ட் தட், கன்வா போன்ற இணையத் தளங்களைப் பலர் பரிந்துரைப்பார்கள். ஆயத்த உருவங்களை இழுத்து வைத்தாலே கட்டங்கள் நிறைந்துவிடுவதால் வேலை விரைவாக முடியும் என்பது உண்மைதான். ஆனால், எங்கள் பிள்ளைகள் தெரிவு செய்த கதைகள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்காகக் கடல்நீரில் விளக்கெரிப்பது, காலபோக வயலுக்குள் யானை இறங்கும் இரவு, இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கும் நாள் என்பன. காவற்கொட்டிலும் குளக்கட்டும் பாலை மரமும் ஆயத்த உருவங்களுக்குள் எங்கே இருக்கப்போகின்றன? பிள்ளை தன் கையால் வரைந்த யானை கோணலாக இருந்தாலும் அது அவள் கண்ட யானை. ஆகவே, படம் கையால், எழுத்தும் அமைப்பும் கணினியால் என்று முடிவு செய்தேன். கணினி வேலைக்கு லிப்ரே ஒபிஸ் தொகுப்பில் ஸ்லைடுகள் அமைக்க உதவும் இம்பிரெஸ் மென்பொருளையே பயன்படுத்துகிறேன். அது இலவசமானது, இணையம் வேண்டாதது, பழைய கணினியிலும் ஓடுவது. கிரிட்டா சித்திரக்கதைக்கென்றே கட்ட வார்ப்புருக்களைக் கொண்ட அருமையான வரைதல் மென்பொருள் என்றாலும், எங்கள் கணினிகளில் அது மிக மெதுவாகவே இயங்கியது.

கணினியைத் தொடுவதற்கு முன் இரண்டு பாடவேளைகள் தாளிலேயே கழிய வேண்டும். ஓர் ஏ4 தாளை எட்டாக மடித்தால் அட்டை ஒன்று, பின்னட்டை ஒன்று, நடுவில் ஆறு பக்கங்கள் கிடைக்கும். பக்கத்துக்கு ஒரு கட்டம் என்றால் கதை ஆறு கட்டங்களுக்குள் அடங்க வேண்டும். நால்வர் கொண்ட குழுவுக்கு இந்த அளவு சரியாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு செயல்கள் வந்தால், எந்த ஒன்றை வரையலாம் என்று குழுவே தீர்மானிக்கட்டும்.

அடுத்தது உரையாடல். தமிழ்ப் பாடத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. எட்டாக மடித்த தாளின் ஒரு பக்கம் 74 மில்லிமீற்றர் அகலமும் 105 மில்லிமீற்றர் உயரமும் உடையது. நம் மொழியிலோ "வந்துகொண்டிருக்கிறது" என்ற ஒரு சொல்லே, பாத்திரத்தின் பேச்சை எழுதும் குமிழின் முழு அகலத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரு மாணவி முதலில் இப்படி எழுதியிருந்தாள்: "அண்ணா, யானை எங்கள் வயலுக்குள் வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் உடனடியாக எழுந்து வெளிச்சத்தைக் காட்டுங்கள்." அதை அவளையே உரத்துச் சொல்லச் சொன்னேன். இரவில் காவற்கொட்டிலில் இருந்து உண்மையில் எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டதும், "அண்ணை, ஆனை வருது! லைற்றை அடி!" என்றாள். அதுவே குமிழுக்குள் சென்றது. கட்டத்தின் மேலுள்ள விவரணைப் பெட்டியில், "நள்ளிரவில் வேலியோரம் கிளை முறியும் ஓசை கேட்டது" என்று எழுத்துத்தமிழில் எழுதினாள். குமிழில் பேச்சுத்தமிழ், பெட்டியில் எழுத்துத்தமிழ் என்ற இந்த ஒழுங்கை நான் இப்போது விதியாகவே வைத்திருக்கிறேன். தமிழ்ப் பாடத்தில் பேச்சுவழக்கை எழுத விடலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்டதுண்டு. எது எந்த இடத்துக்குரியது என்று பிள்ளை தானே பிரித்தறிவதைவிடச் சிறந்த மொழிப்பயிற்சியை நான் இதுவரை காணவில்லை. குமிழ் ஒன்றுக்கு எட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம்.

குமிழே இல்லாமலும் கதை சொல்ல முடியும். ஜெனீவாவில் மாணவர் விடுதிப் பாடசாலையொன்றை நடத்திய ரொடோல்ஃப் தொப்ஃபெர் என்ற ஆசிரியர் 1833 ஆம் ஆண்டில் தம் படக்கதையை அச்சிட்டபோது, படங்களின் அடியிலேயே வரிகளை எழுதினார். உரையாடலைச் சுருக்கத் தடுமாறும் குழுவுக்கு நான் இந்த வழியையே காட்டுகிறேன்.

படத்தை வெள்ளைத்தாளில் பென்சிலால் வரைந்து, கறுப்புப் பேனையால் மேல்வரைந்து, பென்சில் கோடுகளை அழித்துவிட வேண்டும். கட்டத்தின் மேல் மூன்றிலொரு பங்கை எழுத்துக்காக வெறுமையாக விடும்படி முன்னரே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் யானையின் தலைமேல்தான் குமிழ் வந்து உட்காரும். பின்னர் கைப்பேசியால் படமெடுத்து, பென்ட்ரைவ் மூலம் கணினிக்கு மாற்றலாம்.

இனி, என் முதலாவது தவணை முழுவதையும் விழுங்கிய பகுதிக்கு வருகிறேன்.

முதல் முறை ஒரு குழு ஆறு கட்டங்களுக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, கோப்பை என்னிடம் தந்தது. அச்சிடும் கடையில் அதைத் திறந்தபோது தமிழ் ஒன்றும் இல்லை; ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் குமிழ்களை நிறைத்திருந்தன. பாமினியில் தட்டச்சுச் செய்யும்போது கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளையே. அந்த எழுத்துரு மட்டும் அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் யூனிகோட் முறையில் தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதால், எந்தத் தமிழ் யூனிகோட் எழுத்துரு இருந்தாலும் எழுத்து எழுத்தாகவே தெரியும். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. அப்படியிருந்தும் இன்றும் பாடசாலைகளில் பாமினியிலேயே தொடங்குகிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது. பாமினி விசைகளுக்குப் பழகிய விரல்களை மாற்ற வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டர் போன்ற கருவியில் பாமினி விசையமைப்பைத் தெரிவு செய்தால், அதே விசைகளால் யூனிகோட் எழுத்து வரும். ஏற்கெனவே பாமினியில் எழுதியவற்றைப் பொங்குதமிழ் எழுத்துரு மாற்றியில் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம்.

யூனிகோட்டுக்கு மாறிய பின்னும் இன்னொரு தடை வந்தது. ஒரு வரைதல் மென்பொருளில் தட்டியபோது, கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து, புள்ளி வட்டமொன்றோடு தனியாக நின்றது. யூனிகோட்டில் முதலில் மெய்யும் பின்னர் உயிர்க்குறியும் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் கடமை. அதைச் செய்யத் தெரியாத மென்பொருள் தமிழைச் சிதைத்துவிடும். ஆகவே, எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் இந்த வரியைத் தட்டிப் பாருங்கள்: "கொக்கு மேலே போனது, கௌதாரி கீழே வந்தது, மைனா தூங்கியது." இது சரியாகத் தெரிந்தால் மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள். இம்பிரெஸ், இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருள் இரண்டிலும் இது சரியாகவே வந்தது.

இம்பிரெஸில் ஒரு நுணுக்கம் உண்டு. அது தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு என்ற தனிப் பிரிவில் வைத்து, அதற்கென எழுத்துருவையும் அளவையும் வேறாகப் பேணுகிறது. அளவை 12 என்று மாற்றியும் தமிழ் மட்டும் அசையாமல் இருந்தால் காரணம் இதுதான். டூல்ஸ் பட்டியலின் ஒப்ஷன்ஸ் பகுதியில், மொழி அமைப்புகளுக்குள் சென்று கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதைச் சரியிட்டு விடுங்கள். அதன்பின் எழுத்து அமைப்புப் பெட்டியில் தமிழுக்கான அளவைத் தனியாக மாற்றலாம். எழுத்துருக்களில் முக்தா மலர் சிறிய அளவிலும் தெளிவாக இருப்பதால் குமிழ்களுக்கு அதையே விரும்புகிறேன். தலைப்புக்குப் பலூ தம்பி தடிப்பாக, சிறுவர்க்கு ஏற்றதாக இருக்கிறது. இரண்டும் இலவசமானவை.

இப்போது பக்கங்களை அமைப்போம். ஸ்லைடின் அளவை 7.4 சென்ரிமீற்றர் அகலம், 10.5 சென்ரிமீற்றர் உயரம் என்று மாற்றி, எட்டு ஸ்லைடுகளை உருவாக்குங்கள். ஒவ்வொன்றிலும் படத்தை இட்டு, அதன்மேல் கோல்அவுட் வடிவங்களிலிருந்து குமிழை வரையுங்கள். நீள்வட்டத்தைவிட மூலைகள் வளைந்த செவ்வகமே தமிழுக்கு ஏற்றது, ஏனெனில் நீண்ட சொற்கள் வட்டத்தின் மேல்வரியிலும் கீழ்வரியிலும் அடங்குவதில்லை. குமிழின் வாலை நகர்த்துவதற்குச் சிறிய மஞ்சள் புள்ளியொன்று தெரியும். அதைப் பிடித்துப் பேசுபவரின் வாயை நோக்கி இழுக்க வேண்டும். அச்சுப்பொறிகள் தாளின் விளிம்புவரை அச்சிடுவதில்லை என்பதால், எழுத்து எதுவும் விளிம்பிலிருந்து 7 மில்லிமீற்றருக்குள் வரக்கூடாது.

எட்டும் முடிந்ததும், ஒவ்வொரு ஸ்லைடையும் பிஎன்ஜி படமாக 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஏற்றுமதி செய்யுங்கள். படமாகிவிட்ட எழுத்து எந்தக் கடையின் கணினியிலும் குழம்பாது. பின்னர், கிடையாக வைத்த ஏ4 அளவில் புதிய கோப்பொன்றைத் திறந்து, படங்களை இரண்டு வரிசைகளில் வையுங்கள். கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, பின்னட்டை, அட்டை. மேல்வரிசையில் இடமிருந்து வலமாக 5, 4, 3, 2. இந்நான்கும் 180 பாகை சுழற்றப்பட்டுத் தலைகீழாக இருக்க வேண்டும். அட்டையை 1 என்றும் பின்னட்டையை 8 என்றும் கொண்டே இவ்வெண்களைத் தந்திருக்கிறேன். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி ஒருபக்கமாக அச்சிட்டால் போதும்.

மடிப்பதற்கு, தாளை எட்டாக மடித்து விரியுங்கள். குறுகிய விளிம்புகள் இரண்டும் சேரும்படி பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே அடுத்த மடிப்புவரை மட்டும் வெட்டுங்கள். மீண்டும் விரித்து, அச்சுப் பக்கம் வெளியே இருக்க நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நடுவெட்டு விரிந்து சிலுவை போல நிற்கும். அதை ஒருபக்கமாகச் சாய்த்தால் புத்தகம். முதலில் வெற்றுத்தாளில் எண்களை மட்டும் எழுதி மடித்துப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 1: இதை வாசித்த மாங்குளம் பகுதி ஆசிரியர் ஒருவர், பவர்பொயின்ரில் செய்தபோது எழுத்துகள் மங்கி வந்ததாக எழுதியிருந்தார். அந்த மென்பொருள் படமாகச் சேமிக்கும்போது வழமையாகக் குறைந்த அடர்த்தியையே எடுத்துக்கொள்கிறது. ஸ்லைடை நான்கு மடங்காக, அதாவது 29.6 க்கு 42 சென்ரிமீற்றராக அமைத்து, எழுத்தளவையும் 48 ஆக்கிவிட்டால், ஏ4 தாளில் சுருக்கி வைக்கும்போது கூர்மையாக இருக்கும்.

பிற்சேர்க்கை 2: போட்டோக்கொப்பியில் படங்களின் பின்னணி சாம்பல் நிறமாகிக் கறைபோலத் தெரிகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. வகுப்பறைக்குள் எடுத்த படங்களில் பிடிப்பவரின் நிழலே விழுந்திருந்தது. இப்போது காலையில் விறாந்தையில் தாளை வைத்து, சாதாரணப் படமாக எடுக்காமல், கூகிள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியில் கறுப்பு வெள்ளையாக எடுக்கிறோம். தாள் வெள்ளையாகவும் கோடு கறுப்பாகவும் வருகின்றன.

பிற்சேர்க்கை 3: "கௌதாரி" என்பதற்குப் பதில் கொம்பும் ளகரமும் சேர்த்துக் "கெளதாரி" என்று தட்டிய குழுக்கள் இம்முறை மூன்று. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தெரிவதால் படமாக்கிய பின்னரே கவனித்தோம். ஏற்றுமதி செய்வதற்கு முன் எட்டு ஸ்லைடுகளையும் இன்னொரு குழுவிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் செய்யுங்கள்; திருத்துவதற்குச் சொந்தக் குழுவின் கண்களை நம்ப வேண்டாம்.