கோடையின் முதல் சுகம் ஜன்னலோரத்தில்

வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் வீட்டிலேயே கிடைக்கிற பெரிய சுகம் விடியற்காலைக் காற்றுதான். தூங்கியே அதைக் கோட்டை விடாதீர்கள்.

வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடக் குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டையும் திறந்துவிடுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று உள்ளே வர யோசிக்கும்; வெளியேற வழி இருந்தால்தான் ஓடும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் மாடி வீட்டில் கீழே ஒன்று, மேலே ஒன்று எனத் திறப்பது இன்னும் நல்லது. காற்றே அசையவில்லையா? டேபிள் ஃபேனை ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் தேங்கிய சூட்டை அது வெளியே தள்ள, மற்ற ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். அந்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். செல்போன் மட்டும் வேண்டாம்.

வெயில் ஏறியதும் ஜன்னலை மூடி, வெளிர் நிறத் திரையை இழுத்துவிடுங்கள். முதலில் கிழக்கு ஜன்னல். மேற்கு ஜன்னலை மதியத்துக்குள் மூடினால் போதும்.

அப்புறம், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவையுங்கள். நீர் சீக்கிரம் ஆவியாகாது, மண் வாசனையும் இலவசம்.