வெயிட் லாஸ் சர்ஜரிக்கு அப்புறம் நிறைய பேர் பண்ற தப்புங்க

ஆபரேஷன் அன்னைக்குத்தான் எல்லாரும் பயப்படுறாங்க. லேப்ராஸ்கோப்பில, அதாவது சின்னத் துளை வழியா பண்றதால இப்போ ஒரு மாசத்துக்குள்ள உயிருக்கு ஆபத்து வர்றது ஆயிரத்துல 1லேந்து 3 பேருக்குத்தான். ஆனா வீட்டுக்கு வந்து, வெயிட் மளமளன்னு இறங்கி, "அப்பாடா முடிஞ்சுது"ன்னு உக்கார்ற நேரத்துலதான் பாதி சிக்கல் ஆரம்பிக்குது.

முதல் தப்பு, காய்ச்சல் வந்தாதான் டாக்டரைக் கூப்பிடணும்னு நினைக்கிறது. ஸ்லீவ்னு சொல்ற ஆபரேஷன்ல இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை ஸ்டேப்ளர் போட்டு மூடுறாங்க, அந்தக் கோட்டுல எங்கயாவது கசிஞ்சா உடம்பு முதல்ல காட்டுறது பல நேரம் காய்ச்சலா இருக்காது, நாடித்துடிப்பாத்தான் இருக்கும். தெர்மாமீட்டர் நார்மல், ஆனா சும்மா உக்காந்திருக்கும்போதே பல்ஸ் 120, இடது தோள்பட்டையில வலி, லேசா மூச்சு வாங்குது. இதை "கேஸ்தான்"னு சொல்லி காலைல வரைக்கும் தள்ளிப்போடக் கூடாது, ராத்திரியே கிளம்பணும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் அப்படித்தான், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போறது டிஸ்சார்ஜுக்கு அப்புறம்கூட நடக்கும். ரத்தம் கட்டாம இருக்க ஊசி எழுதிக் குடுத்திருந்தா சொன்ன நாள் வரைக்கும் போட்டே ஆகணும்.

ரெண்டாவது வாந்தி. இதைப் பத்தித்தான் யாரும் சரியாச் சொல்றதில்லைன்னு எனக்குத் தோணுது. சின்ன வயிறு, வேகமா சாப்பிட்டா ஒண்ணு ரெண்டு தடவை வாந்தி வரும், சரி. ஆனா நாள்கணக்கா எதுவுமே தங்கலைன்னா தையமின், அதாவது பி1, காலியாயிடும், உடம்புல அதோட ஸ்டாக்கே ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் இருக்கும். அப்புறம் பார்வை ரெண்டு ரெண்டாத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சுல குழப்பம் வரும், லேட்டாப் பார்த்தா ஞாபக சக்தி நிரந்தரமாவே போயிடலாம். இன்னொரு விஷயம், இவ்வளவு வாந்தியோட எமர்ஜென்சிக்குப் போனா சோர்வா இருக்காங்கன்னு நேரா குளுக்கோஸ் டிரிப் ஏத்திடுவாங்க, தையமின் குடுக்காம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா நிலைமை இன்னும் மோசமாகும். கூட போறவங்க வாயைத் திறந்து "இவங்களுக்கு பேரியாட்ரிக், அதாவது வெயிட் லாஸ் சர்ஜரி ஆயிருக்கு, பி1 குடுத்தாச்சா?"ன்னு கேக்கணும். டாக்டர் முறைச்சா முறைக்கட்டும்.

அடுத்தது, ஆறு மாசம் கழிச்சு பிளட் டெஸ்ட் நல்லா வந்துதுன்னு வைட்டமினை நிறுத்துறது. பி12 கல்லீரல்ல வருஷக்கணக்குக்கு சேமிச்சு இருக்கும், அதனால குறையுறது உடனே தெரியாது, பாதம் மரத்துப்போற வரைக்கும் ஒண்ணும் புரியாது. மாத்திரை ஆயுசுக்கும்தான். அயர்னையும் கால்சியத்தையும் ஒண்ணா முழுங்காதீங்க, நடுவுல 2 மணி நேரமாவது விடுங்க, கால்சியம் சிட்ரேட்டா இருந்தா நல்லது. முடி கொட்டுறதுக்கு பயந்து பயோட்டின் வாங்கிக் குவிக்கிறாங்க, 3லேந்து 6 மாசத்துல கொட்டுறது வேகமா இளைச்சதால, பெரும்பாலும் திரும்ப வளரும். அந்தக் காசுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீனாவது உள்ள போகுதான்னு பாருங்க.

பைபாஸ் (ஹார்ட் பைபாஸ் இல்ல, இரைப்பையைச் சின்னதாக்கி குடலோட இணைக்கிற இன்னொரு வகை வெயிட் லாஸ் ஆபரேஷன்) பண்ணவங்க மூட்டுவலி தலைவலின்னு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்கறது பெரிய தப்பு, குடலை இணைச்ச இடத்துல புண்ணு வந்து ரத்தம் கசியும், ஓட்டையும் விழலாம். சிகரெட்டும் அதே வேலையைத்தான் பண்ணும். பாரசிட்டமால்தான் உங்களுக்கு.

சுகர் இருக்கறவங்க கவனிங்க, வெயிட் இறங்குறதுக்கு முன்னாடியே சில நாள்லயே சர்க்கரை குறைய ஆரம்பிச்சிடும், பழைய டோஸ் இன்சுலினையே போட்டா லோ சுகர்ல மயங்கி விழுவீங்க. அதுக்காக நீங்களா நிறுத்தவும் கூடாது, டாக்டர்கிட்ட டோஸ் மாத்திக்கணும்.

குழந்தை விஷயம் சுருக்கமா: வெயிட் குறைஞ்சதும் நின்னுபோன பீரியட்ஸ் திரும்ப வரும், கரு சீக்கிரம் தங்கும், ஆனா 12லேந்து 18 மாசம் வரைக்கும் தள்ளிப்போடச் சொல்றாங்க. பைபாஸுக்கு அப்புறம் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாதீங்க. குடி பத்தியும் ஒண்ணு, பழைய அளவுல பாதி போனாலே தலைக்கேறும், மெதுவா அடிமையாகுற ஆபத்தும் வருஷம் போகப்போக கூடுது.

அப்புறம் இந்த வெயிட் ஏறுற வெக்கம். ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்ச பெரிய ஆராய்ச்சியில பைபாஸ் பண்ணவங்க முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள சராசரியா உடல் எடையில 32 சதவீதம் வரைக்கும் இறங்கி, 10 வருஷத்துல 25 சதவீதத்துல வந்து நின்னாங்க. அதாவது கொஞ்சம் திரும்ப ஏறுறது சகஜம். அஞ்சு கிலோ ஏறிடுச்சு, திட்டுவாங்கன்னு செக்கப்புக்கே போகாம ஒளியுறாங்க பாருங்க, அதுலதான் பி12, அயர்ன் குறையுறதும் சேர்ந்து மறைஞ்சுபோகுது.

கடைசியா பைபாஸ்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு. வருஷங்கள் கழிச்சு, சாப்பிட்டதும் வயித்தைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி வலி வந்து வந்து போனா அசிடிட்டின்னு விடாதீங்க, உள்ளுக்குள்ள ஒரு இடைவெளியில குடல் போய் மாட்டியிருக்கலாம், ஸ்கேன்லகூட சில சமயம் தெரியாது. இந்த ஆபரேஷன் தெரிஞ்ச சர்ஜன்கிட்டயே காட்டுங்க, உங்களுக்குப் பண்ணது ஸ்லீவா பைபாஸான்னு எழுதியிருக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியை போன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.