சின்னத் தலைப்புக்குத்தான் மேற்கோள் அதிகமா? விரிதாளில் நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"தலைப்பைச் சுருக்கு, மேற்கோள் கூடும்." முதல் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. மேற்கோள் என்றால், பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் உங்கள் கட்டுரையைச் சுட்டுவது. ஆதாரமும் இருக்கிறது. 2007 முதல் 2013 வரை, ஆண்டுக்கு அதிக மேற்கோள் பெற்ற 20,000 கட்டுரைகள் வீதம் 1,40,000 கட்டுரைகளை அலசிய ஓர் ஆய்வு 2015-இல் ராயல் சொசைட்டியின் இதழ் ஒன்றில் வந்தது. குறுந்தலைப்புக் கட்டுரைகளே அதிக மேற்கோள் பெற்றிருந்தன. ஆனால் 2010-இல், 22 இதழ்களிலிருந்து 9,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வு நீளமான தலைப்புக்கே மேற்கோள் கூடுதல் என்றது.

இரண்டும் முறையாகச் செய்த ஆய்வுகள்தான். பின்னே எப்படி முரண்படுகின்றன? கூகுள் ஷீட்ஸ் தெரிந்த யாரும் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

படி 1: ஓர் இதழ், ஓர் ஆண்டு

பழைய கட்டுரைக்கு மேற்கோள் சேர நேரம் அதிகம் கிடைத்திருக்கும். அதனால் 2012 கட்டுரையையும் 2020 கட்டுரையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. உங்கள் துறையில் ஓர் இதழையும், குறைந்தது ஐந்து ஆண்டு பழைய ஓர் ஆண்டையும் தேர்ந்தெடுங்கள். 300 முதல் 500 கட்டுரைகள் கிடைத்தால் நல்லது.

படி 2: தரவை இறக்குங்கள்

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகிய ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்கள் இரண்டுக்கும் சந்தா வேண்டும். கூகுள் ஸ்காலரில் தேடலாம், மொத்தமாக இறக்க வழியில்லை. தொடங்குபவர்களுக்கு ஓப்பன்அலெக்ஸ் (OpenAlex) என்ற தரவுத்தளம் போதும். அதன் தரவு திறந்த தரவு. இதழ், ஆண்டு, கட்டுரை வகை என மூன்று வடிகட்டிகளைப் போட்டு, சிஎஸ்வி கோப்பாக இறக்கி ஷீட்ஸில் திறங்கள். தலைப்பு, ஆண்டு, இதழ், மேற்கோள் எண்ணிக்கை ஆகிய நான்கு பத்திகளை (நெடுவரிசைகளை) வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம்.

படி 3: களை எடுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் முடிவைத் தீர்மானிப்பதே இதுதான். "தலையங்கம்", "பிழைதிருத்தம்", "ஆசிரியருக்குக் கடிதம்" போன்ற பதிவுகள் வடிகட்டியைத் தாண்டியும் உள்ளே வந்துவிடும். இவற்றின் தலைப்பு ஓரிரு சொல், மேற்கோள் பெரும்பாலும் பூஜ்யம். நாற்பது பதிவுகள் இப்படித் தங்கிவிட்டால், "நீளத் தலைப்புக்கு மேற்கோள் அதிகம்" என்று கணக்கு சத்தியம் செய்யும்! தலைப்பு நீளப்படி வரிசைப்படுத்தி, மிகச் சிறியவற்றைக் கண்ணால் பார்த்து நீக்குங்கள்.

ஒரு துறையில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீள்பார்வைக் கட்டுரைகளையும் தனியே ஒதுக்குங்கள். அவை பொதுவாகவே கூடுதல் மேற்கோள் பெறுபவை. தலைப்பும் வேறு பாணியில் இருக்கும். அப்புறம், சாய்வெழுத்துக்கான எச்டிஎம்எல் குறிகள் சில தலைப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். உயிரினப் பெயர் வரும் துறைகளில் இது நிறைய. அவற்றையும் துடைத்துவிடுங்கள்.

படி 4: சொற்களை எண்ணுங்கள்

ஷீட்ஸில் சொற்களை நேரடியாக எண்ணும் சூத்திரம் இல்லை. ட்ரிம் கொண்டு உபரி இடைவெளிகளை நீக்குங்கள். லென் கொண்டு எழுத்துகளை எண்ணுங்கள். பிறகு சப்ஸ்டிட்யூட் கொண்டு இடைவெளிகளையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். இரண்டின் வித்தியாசம்தான் இடைவெளிகளின் எண்ணிக்கை. அதோடு 1 சேர்த்தால் சொற்களின் எண்ணிக்கை.

படி 5: சராசரியை நம்பாதீர்கள்

மேற்கோள்கள் சமமாகப் பரவுவதில்லை. சில கட்டுரைகள் அள்ளிக்கொண்டு போகும், பல கட்டுரைகள் ஒற்றை இலக்கத்தில் நிற்கும். புரத அளவை அளக்கும் முறை பற்றி லௌரியும் சகாக்களும் 1951-இல் எழுதிய கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள் பெற்றது. தலைப்பு ஆங்கிலத்தில் ஏழே சொல். அந்தப் புகழ் தலைப்பால் வந்ததல்ல, ஆய்வகங்கள் அந்த முறையைத் தினமும் பயன்படுத்தியதால் வந்தது. அந்த மாதிரி ஒன்று உங்கள் தாளில் இருந்தாலே சராசரி கெட்டுவிடும். எனவே இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் வரும் எண்ணை, பாருங்கள். தலைப்புகளைக் குறுகியவை, நடுத்தரம், நீண்டவை என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இடைநிலை மேற்கோளையும் எடுங்கள்.

படி 6: தரவரிசை ஒட்டுறவு

ஒட்டுறவு என்பது இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண். ராங்க் ஏவரேஜ் (RANK.AVG) சூத்திரத்தால் சொல் எண்ணிக்கைக்கு ஒரு தரவரிசை, மேற்கோளுக்கு ஒரு தரவரிசை போடுங்கள். இந்த இரண்டு பத்திகளுக்கும் கோரெல் (CORREL) சூத்திரத்தைப் போட்டால் வருவது ஸ்பியர்மேன் ஒட்டுறவுக் கெழு. -1 முதல் +1 வரை இருக்கும். கழித்தல் குறி வந்தால், குறுந்தலைப்புக்கு மேற்கோள் கூடுதல் என்று பொருள்.

ஒரே இதழுக்குள் பார்க்கும்போது இந்த எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் திகைக்க வேண்டாம். 0.1 என்றாலும் (அதன் வர்க்கம் 0.01), தரவரிசை வேறுபாட்டில் 1 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது.

படி 7: குலுக்கிப் பாருங்கள்

வந்த எண் தற்செயலா? மேற்கோள் தரவரிசையை வேறு பத்தியில் மதிப்புகளாக மட்டும் ஒட்டி, ஷீட்ஸின் "வரம்பைக் கலை" (Randomize range) வசதியால் குலுக்குங்கள். மீண்டும் ஒட்டுறவைப் பாருங்கள். சில தடவை குலுக்கினால், எந்தத் தொடர்பும் இல்லாதபோதும் எண் எவ்வளவு ஆடும் என்று தெரியும். 400 கட்டுரைகள் என்றால் -0.1 முதல் +0.1 வரை ஆடுவது சகஜம். உங்கள் எண் அதற்குள் அடங்கினால், அதை வைத்துக் கதை கட்ட வேண்டாம்.

படி 8: இரண்டாவது இதழைச் சேருங்கள்

வேடிக்கை இங்கேதான். அதே ஆண்டுக்கு இன்னோர் இதழை எடுத்து, ஒரே தாளில் கொட்டி, தரவரிசையைப் புதிதாகப் போட்டுக் கணக்கிடுங்கள். ஒரு பேச்சுக்கு, முதல் இதழில் தலைப்புகள் 8 சொல் அளவில், இடைநிலை மேற்கோள் 40. இரண்டாவதில் 16 சொல், மேற்கோள் 10 என்று வையுங்கள். தனித்தனியே பார்த்தால் எதிலும் தொடர்பு இல்லை. சேர்த்தால் "குறுந்தலைப்பு வெல்கிறது" என்று பலமாக வரும். உண்மையில் நாம் அளந்தது தலைப்பை அல்ல, இதழை.

தலைப்பின் நீளம் எழுதுபவர் விருப்பம் மட்டும் அல்லவே. நேச்சர் இதழ் இடைவெளியோடு 75 எழுத்துக்குள் கேட்கிறது. மருத்துவத்திலோ, சோதனை முடிவுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் கன்சார்ட் நெறிமுறைப்படி, சமவாய்ப்புச் சோதனை (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் செய்வது) என்பதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும். தலைப்பு நீளத்தான் செய்யும். 2015 ஆய்வும், குறுந்தலைப்புகளை வெளியிடும் இதழ்களே கட்டுரைக்கு அதிக மேற்கோள் பெறுகின்றன என்று கண்டது. எந்த இதழ்களை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை திரும்பக்கூடும். மேலே சொன்ன முரணுக்குப் பெரும்பங்கு காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

படி 9: நீளத்தை விட்டு வேறு எதையாவது

முக்காற்புள்ளி இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று ஒரு பத்தி. கேள்விக்குறிக்கு ஒன்று. பிலாஸ் (PLOS) என்ற பதிப்பகத்தின் இதழ்களை வைத்து 2011-இல் வந்த ஓர் ஆய்வில், கேள்வியாக வைத்த தலைப்புகள் அதிகம் தரவிறக்கப்பட்டன, ஆனால் குறைவாகவே மேற்கோள் பெற்றன. நகைச்சுவைத் தலைப்பைச் சூத்திரத்தால் பிடிக்க முடியாது. இரண்டு பேரிடம் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்லுங்கள், மேற்கோள் எண்ணிக்கையைக் காட்டாமல். உளவியல் இதழ்கள் இரண்டில் அப்படி மதிப்பிட்ட 2008 ஆய்வில், மிகவும் வேடிக்கையான தலைப்புகளுக்கு மேற்கோள் குறைவாக இருந்தது.

உங்கள் கட்டுரைக்குத் தலைப்பு வைக்கும்போதும் இந்தத் தாளைத் திறந்துகொள்ளுங்கள். அனுப்பப்போகும் இதழின் இடைநிலை நீளம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த அளவுக்குள், உங்கள் துறையினர் தேடும் சொல்லை முன்னால் வையுங்கள். நீளத்தை மட்டும் குறைக்க முறையின் பெயரையோ உயிரினத்தின் பெயரையோ வெட்டினால், தேடுபவர் கண்ணில் கட்டுரையே படாமல் போகலாம்.