சி. வி.யைத் தேடித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இலங்கை மலையகத் தமிழ் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த, தலவாக்கலைப் பக்கத்து மடக்கொம்பரைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போக நினைக்கும் வாசகர் வட்டங்கள் முதலில் சறுக்குவது நாள் பார்ப்பதில். வேலைநாளில் போனால் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வயசாளிகளும் பிள்ளைகளும்தான், மற்றவர்கள் மலையில். மாதம் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் கைக்கு வந்த ஞாயிறென்றால் பாதிப்பேர் டவுனில். வேறொரு ஞாயிறு பாருங்கள், ஜனவரி முதல் மார்ச்சுக்குள். ஜூன் மழையில் புத்தகத்தை விரிக்கவே முடியாது, அட்டைக்கடி வேறு.

அடுத்தது, கவிதையை மட்டும் கொண்டுபோவது. அவர் ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா தமிழாக்கிய 'தேயிலைத் தோட்டத்திலே'யில் நாலு வரி சொல்லி, படமெடுத்து, திரும்பிவிடுகிறார்கள். நாவலாசிரியரைக் கொண்டாடப் போகிறவர்கள் 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' இரண்டையும் வீட்டிலேயே வாசித்து முடிக்க வேண்டாமா? பழைய பிரதிகள் கிடைப்பது கஷ்டம்தான். 'நூலகம்' என்ற மின்நூலக இணையத்தளத்தில் தேடி, கிடைப்பதை முதல்நாளே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். தோட்டத்து வளைவுகளில் சிக்னலை நம்ப முடியாது. அவர் 1947இல் தலவாக்கலை எம்.பி. ஆனவர். மறுவருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இதை அறியாமல் 'வீடற்றவன்' வாசித்தால் அது குடியிருக்க ஒரு காம்பரா (லயத்து அறை) இல்லாதவன் கதையாகச் சுருங்கிவிடும்.

எனக்குப் பொறுக்கவே முடியாதது, கொழுந்தெடுக்கும் பெண்களை மறித்து செல்ஃபி எடுப்பது. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். அதாவது அரைநாள் சம்பளம் போச்சு. கேட்காமல் காம்பராவுக்குள் எட்டிப் பார்ப்பதும், முகத்துக்கு நேரே 'பாவம்' என்பதும் இதே ரகம். அங்கே வாத்தியார்மார் இருக்கிறார்கள், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூப்பிட்டு உட்காரவைத்து அவர்களையும் வாசிக்கச் சொல்லுங்கள். சி. வி. தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' கையில் இருந்தால் நல்லது. ஓர் அம்மாயி அதிலுள்ள பாட்டை வேறுவிதமாகப் பாடினால் திருத்தப் போகாதீர்கள், புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்.

தோட்டக் காரியாலயத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பெரிய பஸ் வேண்டாம், வேன் போதும். மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்காகத் தலவாக்கலை டவுனில் ஒரு பகுதி இடம் மாறிவிட்டது. 1940களின் கடைவீதியைத் தேடி அலையாதீர்கள். பகல் சாப்பாட்டை டவுனிலேயே பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். லயத்தில் தேத்தண்ணி தந்தால் மறுக்காமல் குடிக்கலாம், முப்பது பேருக்குச் சமைக்கச் சொல்வது அநியாயம்.