462 விசா: பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் ஒத்துப்போகாதபோது

ஆஸ்திரேலியாவில் ஓராண்டு தங்கி, வேலை பார்த்தபடியே ஊர் சுற்ற அனுமதிக்கும் 462 விசா, இந்தியர்களுக்கு 2024இல்தான் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. பதிவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் வேண்டும்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமை. பானிலோ இனிஷியல் விரிந்து அப்பா பெயரும் ஒட்டியிருந்தது. நம் ஊரில் பலருக்கும் உள்ள சிக்கல்தான். "அப்படியே பதியுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் ஒரு முகவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாஸ்போர்ட் மறுவெளியீட்டு விண்ணப்பத்தில் விவரத் திருத்தம் என்று குறித்து, 1,500 ரூபாய் கட்டி, ஆதாரையும் பானையும் காட்டி, அப்பா பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்தேன். பாஸ்போர்ட் எண்ணும் மாறிவிடும். எனவே புதியது கைக்கு வந்த பிறகே பதிந்தேன்.

முப்பதை நெருங்குகிறவர்கள் இன்றே தொடங்குங்கள். விண்ணப்பிக்கும்போது 31 ஆகிவிட்டால் இந்த விசா கிடைக்காது.